சட்டியோடு புதைத்த செடிகள்

புதுச்சேரி உப்பளத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வடக்குப் பக்கம், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில், ஒரு துண்டு மண் கிடந்தது. பதினைந்தடி நீளம், நான்கடிக்குச் சற்று மேல் அகலம். தலைக்கு மேலே மாடி பால்கனி. மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாமரம் பாதி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். காலையில் பால் பொங்குகிற நேரத்துக்கு ஒரு கீற்று வெயில் வரும், மதில் ஓரமாக நடந்து பார்க்கும், பிடிக்காத மாதிரி போய்விடும். அதோடு சரி. நாள் முழுக்க நிழல்.

அந்த நிழலில் என்ன செடி வைப்பது என்பதுதான் பேச்சே. ஆனால் அந்தப் பேச்சுக்குள் எங்கள் குடித்தனமே மாட்டிக்கொண்டது.

நாங்கள் அதற்கு முன் ஆறு வருஷத்தில் நான்கு வீடு மாறியிருந்தோம். இது ஐந்தாவது. சித்திரையில் பால் காய்ச்சிய அன்றைக்கே என் மனைவி, கையில் கரண்டியோடு, சொல்லிவிட்டாள்.

"இதோ பாருங்க. இதுதான் கடைசி. இந்த வீட்டுலேருந்தும் பெட்டி கட்டச் சொன்னா நான் பெட்டி கட்டமாட்டேன். பொண்ணக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க எங்க வேணா போங்க."

சும்மா சொல்லவில்லை. எங்கள் பெண் எட்டாம் வகுப்புக்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஆகையால் அந்த வீட்டில் நிலைப்பதா இல்லையா என்பது எனக்கு உயிர்க் கேள்வி.

வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். தெருவில் அதைச் 'சொல்தா வீடு' என்பார்கள், பட்டாளத்துக்காரர் வீடு என்று. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, அங்கிருந்து பென்ஷன் வாங்கி, இங்கே வீடு கட்டி, இங்கேயே கண்ணை மூடியவர். ஒரே மகன் பிரான்சில். நம்ம ஊர்த் தமிழ்ப் பெண்மணிதான், ஆனால் பிரெஞ்சு வழக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'மதாம்'. எழுபதைத் தாண்டியவர், மூட்டு வலி, கைத்தடி. மாடியை விட்டு அநேகமாக இறங்க மாட்டார். பால்கனியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கள் வாசல், குழாயடி, அந்த நிழல் மண் மூன்றும் அவர் கண்ணுக்குக் கீழே.

ஆனி மாதம் ஒரு நாள் மேலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்த எடம் சுடுகாடு மாதிரி கெடக்குது. ஏதாச்சும் வைக்கிறதுதான?"

"வைக்கிறேன் மதாம்."

"வைக்கிறதுக்கு முன்னால என்ன வைக்கிறன்னு எங்கிட்ட காட்டிட்டு வை."

முதல் வாக்கியம் கேட்டதும் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாக்கியம் கேட்டதும் சந்தேகம் வந்தது. ஏன் காட்ட வேண்டும்?

என் தொழில் அப்படி. உப்பளத்தில் ஆபீஸ்கள் இருக்கும் பக்கமாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். பள்ளிப் படிப்பு எனக்குப் பாதியில் நின்றது. மீதியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த காகிதங்களில் படித்தேன். பத்திரம், நோட்டீஸ், வக்கீல் கடிதம், வாடகை அக்ரிமென்ட். அக்ரிமென்ட் எல்லாம் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று அந்தக் காகிதங்களில் கிடையாது. பதினோராவது மாதம் முடிகிறபோது நோட்டீஸ் நகல் எடுக்க வீட்டுக்காரர் வருவார். மறுநாள் அதே நோட்டீசை நகல் எடுக்கக் குடித்தனக்காரர் வருவார். இரண்டு பேருக்கும் நான்தான் மிஷின் மூடியைத் தூக்குவேன். வருகிறவர்கள் கடுப்பில் சொல்லிவிட்டுப் போவதை எல்லாம் பழைய காகிதத்தின் முதுகில் எழுதிவைப்பது என் வழக்கம். முதலியார்பேட்டைக்காரர் ஒருவர் சொன்னது ஒன்று இருக்கிறது: "வாடகை வீட்டுல வாழை வச்சா, குலை தள்ளும்போது நோட்டீஸ் வரும்." எழுதியபோது சிரித்தேன்.

அப்புறம் எனக்கே அது நடந்தது. நான்காவது வீட்டில் என் மனைவி ஒரு மல்லிகை வளர்த்தாள். இரண்டு வருஷம் தண்ணீர் விட்டு, சாம்பல் போட்டு, கவாத்துப் பண்ணி. காலி பண்ணும்போது தோண்டப் போனால் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். "மண்ணுல வச்சது மண்ணுக்காரனுக்கு. சட்டியில இருந்தா தூக்கிட்டுப் போ." நியாயம்தானே என்று தெருவே சொன்னது. அந்த மல்லிகையை நினைத்து இவள் எத்தனையோ நாள் பூக்காரியிடம் பூவே வாங்கவில்லை.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். நான் ஆடி முதல் ஞாயிறு, பிள்ளைச்சாவடிப் பக்கம் சாலையோரம் இருந்த ஒரு நர்சரியைத் தேடிப் போனேன். பச்சை வலைக்குக் கீழே ஒரு அம்மா உட்கார்ந்து பாலித்தீன் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வாய் மட்டும் நூறு வயசு.

"இன்னா வேணும்ண்ணே?"

"நிழல்ல வைக்கிற மாதிரி. நல்லா பூக்கணும்."

"பட்டினி போட்டுட்டுப் புள்ளைய ஓடச் சொல்றியே. எந்த மாதிரி நெழலு?"

"நிழல்ல என்னம்மா மாதிரி?"

"மரத்து நெழல் வேற, செவுத்து நெழல் வேற. மரத்து நெழல் பாவம் பாக்கும், அங்க இங்க வெயில் வுடும். செவுத்து நெழல் ஒண்ணும் வுடாது. உச்சி வெயில்ல அங்க போயி கைய நீட்டு. கீழ கையோட நெழல் லேசா வுழுதா, பூ வைக்கலாம். வுழலன்னா எலைதான் வைக்கணும். நெழலோட அருமை வெயில்ல தெரியும்பாங்க. எங்க தொழில்ல வெயிலோட அருமைதான் நெழல்ல தெரியும்."

எழுதிக்கொள்ளக் காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மதியம் வந்து அந்த மண்ணில் கையை நீட்டினேன். மாமரப் பக்கம் நிழல் லேசாக விழுந்தது. பால்கனிக்கு அடியில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்தால் மதாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானத்தில் வெறும் மண்ணுக்கு மேல் கை நீட்டி நிற்கிற குடித்தனக்காரனைப் பார்த்து ஒன்றும் கேட்காதது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு நான்கு ரகம் வாங்கிவந்து முற்றத்தில் வரிசையாக வைத்தேன். மாமரப் பக்கத்துக்குக் காசித்தும்பையும் கனகாம்பரமும். பால்கனி அடிக்குப் பூவே இல்லாத, வெறும் இலையான பெரணி. மதிலில் ஏற்றிவிட ஒரு வெற்றிலைக் கொடி. கனகாம்பரம் மனைவி கேட்டது. வெற்றிலை நர்சரி அம்மாவின் யோசனை: "அது வெயிலப் பாத்தா மூஞ்ச திருப்பிக்கும். ஒன் வூட்டு மண்ணுக்குன்னே பொறந்தது."

மதாம் பால்கனிக் கம்பியில் சாய்ந்து பார்த்தார். கைத்தடியால் ஒவ்வொன்றாகக் காட்டினார், பெண் பார்க்க வந்த மாதிரி.

"அது இன்னா, தும்பையா? அது எத்தினி நாள் இருக்கும்?"

"காசித்தும்பை மதாம். மூணு மாசம் பூக்கும், அப்புறம் போயிடும்."

"ம். அது?"

"கனகாம்பரம். மூணு நாலு வருஷம் வரும்."

"ஓ. அந்தக் கொடி?"

"வெத்தலை. நல்லா பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருஷம்கூட நிக்கும்னு சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். "அலோர்... பதினஞ்சு வருஷம்" என்று பாதி பிரெஞ்சில் தனக்குத்தானே சொல்லி, கொஞ்சமாகச் சிரித்து, உள்ளே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. பூவின் நிறம் கேட்கவில்லை, வாசனை கேட்கவில்லை, கொசு வருமா என்று கேட்கவில்லை. எத்தனை நாள், எத்தனை வருஷம், அது மட்டும். பங்குனியில் நம் அக்ரிமென்ட் முடிகிறது. இவனுக்கு எதற்குப் பதினைந்து வருஷக் கொடி என்று நினைத்துத்தானே சிரித்தார்?

மனைவியிடம் சொன்னேன்.

"கெழவி கெளம்பச் சொல்லப் போறா."

"செடி எத்தனை நாள் இருக்கும்னு கேட்டா அது ஒரு குத்தமா?"

"நீ அக்ரிமென்ட் பாத்ததில்ல. நான் ஆயிரம் பாத்திருக்கேன்."

"ஆயிரம் பாத்தவருதான் நாலு வீடு மாறினீங்க."

விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன். ஆனால் சந்தேகத்துக்குத் தீனி தினமும் கிடைத்தது. பிரான்ஸ் தபால்தலை ஒட்டிய கடிதம் மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது, இப்போது வாரத்துக்கு ஒன்று. அதைப் படித்த அன்று மதாம் பால்கனிக்கு வரமாட்டார். ஒரு நாள் ஒருவர் வந்து டேப் பிடித்து அந்த மண்ணையும் மதிலையும் அளந்தார். "என்னங்க அளக்குறீங்க?" என்று என் மனைவி கேட்டதற்கு, "மேல கேளுங்க" என்றார். மேலே கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். எங்கள் மண்ணோ பகலிலேயே இருண்டு கிடந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. மண்ணில் வைத்தது மண்ணுக்காரனுக்கு. சட்டியில் வைத்தது எனக்கு. சட்டியோடு மண்ணில் வைத்தால்?

மார்க்கெட்டில் போய் ஆறு மண்சட்டி வாங்கினேன். கனகாம்பரம் மூன்று, பெரணி இரண்டு, வெற்றிலை ஒன்று. ஒவ்வொன்றையும் சட்டியில் வைத்து, குழி தோண்டி, சட்டியின் விளிம்பு மறைகிற அளவுக்குப் புதைத்து, மேலே மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்தேன். மேலிருந்து பார்த்தால் அசல் தோட்டம். நோட்டீஸ் வந்தால் மறுநாளே ஆறையும் பிடுங்கி வண்டியில் ஏற்றலாம். மதாம் மதியம் தூங்குகிற நேரமாகப் பார்த்து இதைச் செய்தேன். காசித்தும்பையை மட்டும் நேரே மண்ணில் நட்டேன். மூன்று மாதத்தில் போகிறவளுக்கு எதற்குச் சட்டி?

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வீட்டுக்காரங்களை ஏமாத்துறவங்களைப் பாத்திருக்கேன். செடியை ஏமாத்துறவரை இப்பதான் பாக்குறேன்."

"போன தடவை மல்லிக்கு நீதான அழுத?"

அவள் மண்ணைக் காலால் சமப்படுத்திவிட்டு உள்ளே போனாள்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் நான் போலீஸ்காரன் மாதிரி இருந்தேன். தண்ணீர் ஊற்றும்போது மண் கரைந்து விளிம்பு தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் மூடுவேன். மதாம் மேலிருந்து, "கனகாம்பரம் வேர் புடிச்சிடுச்சா?" என்று கேட்பார். "புடிச்சிடுச்சு மதாம்." "வெத்தலை?" "அதுவும்." விடாமல் வேரையே கேட்கிறாரே என்று இன்னும் ஒரு கை மண் அள்ளி விளிம்பில் போடுவேன். காசித்தும்பை பூத்து முடிந்து காய் வெடித்தபோது, "போச்சா அது?" என்று கேட்டார். "போச்சு" என்றேன். அன்றைக்கு அவர் முகம் ஏன் வாடியது என்று எனக்குப் புரியவில்லை. நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை வந்தது. புதுச்சேரி மழை தெரிந்ததுதானே, கடல் எழுந்து வந்து கூரையில் உட்கார்ந்த மாதிரி பெய்யும். நிழல் மண் வேறு, காயவே இல்லை. வெளியே மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. சட்டிக்குள் போன தண்ணீர் நின்றது. சட்டியின் அடி ஓட்டை களிமண்ணில் அடைத்துக்கொண்டது. கார்த்திகை பிறந்தபோது மூன்று கனகாம்பரத்திலும் இலை மஞ்சளாகி, தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. மல்லிகைக்கு அழுதவள் இதற்கு அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் விட்ட காசித்தும்பையோ, வெடித்து விழுந்த விதையில் இருந்து முப்பது நாற்பது குட்டியாக முளைத்து, சட்டி இருந்த இடத்தை எல்லாம் சுற்றி வளைத்து நின்றது.

மழை விட்ட ஒரு காலை, மாடிப்படியில் தடிச் சத்தம் கேட்டது. மதாம் இறங்கி வந்துகொண்டிருந்தார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வந்தார். அவர் கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. காகிதத்தின் மடிப்பைப் பார்த்தே நோட்டீஸ் என்று சொல்கிறவன் நான்.

"இன்னா தம்பி, கனகாம்பரம் இப்பிடிக் கெடக்குது?"

"மழை மதாம்."

"மழையில கனகாம்பரம் சாவுமா? பக்கத்துல தும்பை சிரிச்சிக்கிட்டு நிக்குதே." சொல்லிக்கொண்டே தடியை அந்தச் செடியின் அடியில் ஊன்றினார்.

டொக் என்றது.

மண்ணில் தடி ஊன்றினால் டொக் என்று கேட்காது. அவர் இரண்டு விரல் தள்ளி மறுபடி ஊன்றினார். டொக். பெரணி பக்கம் போனார். டொக். வெற்றிலைக்கு அடியில். டொக். நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடி முனையால் மண்ணை விலக்கினார். சட்டியின் சிவப்பு விளிம்பு வெளியே வந்தது.

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தடியில் இரண்டு கையையும் வைத்து நின்றார். குரல் தணிந்துபோய்விட்டது.

"அப்ப நீ வந்த நாள்லேருந்தே கெளம்பத் தயாராதான் இருந்திருக்க."

"இல்ல மதாம், நீங்கதான்..."

"நான் இன்னா?"

"எத்தனை நாள் இருக்கும், எத்தனை நாள் இருக்கும்னு கேட்டீங்களே. எங்களை அனுப்பத்தான்னு..."

"கேக்காம? ஒனக்கு முன்னால மூணு குடித்தனம். மூணு பேரும் இந்த எடத்துல பூச்செடி வச்சாங்க. பூ முடிஞ்சது, போயிட்டாங்க. நீ தும்பை கொண்டாந்தப்பவே இவனும் அந்த வகைதான்னு நெனச்சேன். வெத்தலை பதினஞ்சு வருஷம்னியே, அப்பதான் மனசு கொஞ்சம் நின்னுச்சு. பையன் வாராவாரம் எழுதுறான். கீழ வூடு காலியாச்சுன்னா நீ தனியா இருக்க வேணாம், வந்து அழைச்சிக்கினு போயிடுவேங்கிறான். அங்க போயி நான் பனிய எண்ணிக்கினு கெடக்கவா? கீழ ஒரு குடித்தனம் நெலையா இருக்குது, செடி வச்சிருக்காங்க, வேர் புடிச்சிடுச்சுன்னு எழுதினேன். நீ சட்டியில வேர் புடிக்க வச்சிட்டு எங்கிட்ட புடிச்சிடுச்சுன்னு சொல்லியிருக்க."

என் மனைவி கதவருகில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தாள். மதாமின் முழங்கையைப் பிடித்துக் குழாயடிக் கல்லில் உட்கார வைத்தாள்.

"இவரு அப்பிடித்தான் மதாம்மா. கண்ணாடியில மூஞ்சியப் பாத்தாக்கூட, இது அசலா ஜெராக்ஸான்னு கேப்பாரு."

மதாம் சிரித்துவிட்டார். காகிதத்தை என்னிடம் நீட்டினார். புது அக்ரிமென்ட். பதினோரு மாதம் இல்லை, மூன்று வருஷம்.

மூன்று வருஷம்! இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு வாடகைக் காகிதத்தை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்துக்கு முன்னால் வந்தது எது என்று சொல்லத் தேவையில்லை. "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுறேன் மதாம்" என்று கடைக்கு எடுத்துப்போனேன். இரண்டு முறை படித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு நாங்கள் போகக் கூடாது என்று இதில் ஏதாவது கண்ணி இருக்குமோ? போகக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடு என்று பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் மனைவி கடப்பாரையை எடுத்து வாசலில் சாத்தி வைத்திருந்தாள். "காகிதம் அப்புறம். மொதல்ல சட்டியை ஒடைங்க."

கனகாம்பரச் சட்டி மூன்றும் பிடுங்கினதும் வந்தன. உள்ளே நாற்றம் பிடித்த தண்ணீர். வெற்றிலைச் சட்டி வரவில்லை. அடி ஓட்டையில் புகுந்து வேர் எப்போதோ கீழே போயிருந்தது. அதனால்தான் பிழைத்திருந்தது போல. இருந்த இடத்திலேயே வைத்து உடைத்து, உடைந்த ஓடுகளை அங்கேயே விட்டு, மண்ணைத் தள்ளினேன். அந்த ஞாயிறு பிள்ளைச்சாவடிக்குப் போய்ப் புதுக் கனகாம்பரம் கேட்டபோது நர்சரி அம்மா, "ஏன்ண்ணே, பழசு இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் மண் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நெழல்ல வச்சா செடி பொழைக்கும். சந்தேகத்துல வச்சா இன்னா பண்ணும்?" இதைக் காகிதத்தில் எழுதவில்லை. என்னைப் பற்றிச் சொன்னதை நானே எழுதுவதா?

அந்த வீட்டில் எங்கள் பெண் பன்னிரண்டாவது வரை ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தாள். வெற்றிலை மதிலைத் தாண்டி மாமரத்தில் ஏறியது. மதாம் பால்கனியில் இருந்தபடியே கிள்ளிக்கொள்வார். டேப் பிடித்து அளந்துபோன ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நான் ஆறில் ஐந்து சட்டியைத்தான் ஒழித்தேன். இரண்டு பெரணியில் ஒன்று பால்கனிக்கு அடியில், கடைசி ஓரத்தில் இருந்தது. அதன் சட்டியை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்று தோன்றியது. மனைவிக்கும் சொல்லவில்லை. அதன் பிறகு மதாம் மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வந்து, தடியை ஊன்றி ஊன்றி, அந்தப் பதினைந்தடியையும் நடந்து பார்ப்பார். கடைசி மூலைக்கு வரும்போது டொக் என்று கேட்கும். நான் மாமரத்தைப் பார்ப்பேன். அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு திரும்பிப் படியேறிப் போய்விடுவார்.